கொள்கலன்களின் சம்பவத் திரட்டு

அதிபரின் அறையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் என்று ஒன்று இருப்பதை மாணவிகள் அறிவார்கள். ஆசிரியர்கள் அதைச் சுருக்கமாக ‘லொக்’ என்பார்கள். வலயக் கல்விப் பணிப்பாளர் வந்து போனது, கடுங்காற்றில் கூரைத்தகடு கழன்றது, புதிய ஆசிரியை கடமையேற்றது எல்லாம் திகதி, நேரத்துடன் அதில் ஏறும். ஐந்து வருடம் கழித்து ஒரு விசாரணை வந்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கடைசியில் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள்.

கணினி மென்பொருள்களும் இப்படியொரு புத்தகத்தை ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கின்றன. இக்கல்லூரியில் படித்து வெளியேறிய நான் இன்று செய்யும் தொழிலில் பாதி, அந்த வரிகளை வாசிப்பது. மீதிப் பாதி, அவை காணாமற் போகாமல் பார்த்துக்கொள்வது. “மகள், நீ அங்க என்னதான் வேல செய்ற?” என்று உம்மா பல தடவை கேட்டுவிட்டா. அவவுக்கும், உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் தங்கைமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

லொக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் மரக்கட்டை. பாய்க்கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். சிறிய மணற்கடிகாரம் ஒன்று வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவார்கள். அந்த எண்ணிக்கையை எழுதிய புத்தகத்துக்குக் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. கப்பலின் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

கப்பலை விட்டு இன்னும் இறங்க முடியாது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் மல்கம் மெக்லீன் என்ற லொறி வியாபாரி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே அரிசியா ஆடையா என்று துறைமுகம் பார்க்கத் தேவையில்லை. பெட்டி ஒரே அளவாக இருந்தாற் போதும். கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் கொள்கலன்கள் அந்தப் பெட்டிகளின் வாரிசுகளே. மென்பொருள் உலகம் இந்த எண்ணத்தை இரவல் வாங்கியது. ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான துணைப் பொருட்களையும் ஒன்றாகப் பொதி செய்துவிட்டால் எந்தக் கணினியிலும் அப்படியே ஓடும். 2013இல் வந்த டொக்கர் இந்த முறையைப் பரவலாக்கியது. இத்தகைய நூற்றுக்கணக்கான பொதிகளைப் பல கணினிகளில் பகிர்ந்து நடத்த, 2014இல் கூகிள் நிறுவனம் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். அதன் கட்டுப்பாட்டில் ஒன்றாக வேலை செய்யும் கணினிகளின் கூட்டத்தை நாம் கொத்தணி என்போம். கொவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன சொல். இங்கே நோய் எதுவும் இல்லை. அதே கொவிட் காலத்தில் இலங்கையில் கியூ.ஆர். குறியுடன் கூடிய தடுப்பூசிச் சான்றிதழ் வழங்குவதற்கு, இந்தியாவில் உருவான டைவொக் என்ற திறந்த மூல மென்பொருள் எடுத்தாளப்பட்டது. அதுவும் கொத்தணியில் கொள்கலன்களாக ஓடும்படி அமைக்கப்பட்ட ஒன்றுதான்.

கொள்கலன் என்றதும் இரும்புப் பெட்டியின் உறுதி மனத்தில் வரும். மென்பொருட் கொள்கலனின் குணம் நேரெதிர். அது ஒரு தற்காலிகக் கொட்டில். மீள்குடியேற்றக் காலத்தில் வன்னியில் பல பாடசாலைகள் அப்படித்தான் நடந்தன: பிள்ளைகள் கூடினால் இன்னொரு கொட்டில் எழும்பும், தேவை முடிந்தால் கழற்றிவிடுவார்கள். சுக்கான் பிடிக்கும் குபர்நெட்டிஸும் இதைத்தான் செய்கிறது. கூட்டம் கூடினால் அதே நிரலின் பத்துப் பிரதிகளை எழுப்பும். ஒன்று நோயுற்றால் அதைத் திருத்திக்கொண்டிருக்காது. அழித்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடக்கும். எல்லாம் சில செக்கன்களில் முடிந்துவிடும். பாவனையாளருக்கு ஏதோ நடந்தது என்றே தெரியாது.

அழிக்கப்பட்ட கொட்டிலுக்குள் ஒரு கொப்பி இருந்தது. அது எங்கே?

கொள்கலனுக்குள் ஓடும் நிரல் தன் வரிகளை வெளியே சொல்லும். அது தங்கியிருக்கும் கணினி அவற்றை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பு முடிவில்லாமல் வளர முடியாது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஒரு கோப்பு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆனதும் புதியது தொடங்கும், ஐந்து கோப்புக்கு மேல் சேர்ந்தால் பழையது அழியும். கொள்கலன் முற்றாக நீக்கப்பட்டால் அதன் கோப்புகளும் துடைக்கப்படும். கணினியே எரிந்துபோனால் சொல்லவே வேண்டாம். இந்த வரிகளை நீண்ட காலம் சேமித்து வைக்கும் வேலையைக் குபர்நெட்டிஸ் தானாகச் செய்வதில்லை. அது நம் பொறுப்பு என்று விட்டுவிடுகிறது. ஆகவே ஒரு கொள்கலன் ஏன் இறந்தது என்பதைச் சொல்லும் கடைசி வரிகள், பெரும்பாலும் அந்தக் கொள்கலனோடேயே போய்விடும். காரணம் தேவைப்படும் நேரம் பார்த்துத்தான் அது கிடைக்காமற் போகிறது.

வன்னியில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, காணி உறுதியையும் சான்றிதழ்களையும் விட்டுவிட்டே போயின. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் வெளியே வந்த குடும்பங்கள் பலவற்றின் கையிலும் கடதாசி என்று எதுவும் இருக்கவில்லை. இருந்தும் பிறப்புச் சான்றிதழை மீளப் பெற்றவர்கள் ஏராளம். காரணம், இலங்கையில் பிறப்புப் பதிவு இரண்டு பிரதிகளாகப் பேணப்படுகிறது. ஒரு பிரதி மாவட்டத்தில், மற்றது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறையில். ஊர் அழிந்தபோதும், ஊரை விட்டு முன்பே புறப்பட்டுப் போயிருந்த பிரதி அழியவில்லை. உறுதியின் மூலப் பிரதியை மட்டும் பெட்டியில் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இன்னும் முடியவில்லை.

மத்திய பதிவுச் சேகரிப்பு என்று எங்கள் தொழிலில் சொல்வது இதுதான். வரி எழுதப்பட்ட சில செக்கன்களிலேயே அதன் பிரதி அந்த இடத்தை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும்.

இதற்குக் கொத்தணியின் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சேகரிப்பானை அமர்த்துவோம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருவர் தேவையில்லை, கட்டடத்துக்கு ஒரு மாணவத் தலைவி போதும். அவள் எல்லா வகுப்புகளையும் சுற்றி வந்து குறிப்புகளை எடுத்துக்கொள்வாள். புதிய கட்டடம் திறந்தால் அங்கும் ஒரு மாணவத் தலைவி தானாக நியமனமாகும்படி குபர்நெட்டிஸிடம் சொல்லி வைக்கலாம். இந்த வேலைக்கு அதிகம் பயன்படுபவை 2011இல் தோன்றிய ஃபுளுவென்ட்டி, அதன் இளைய உறவான ஃபுளுவென்ட் பிட் ஆகியவை. இரண்டாவது மிகச் சிறியது. பழைய கணினியிலும் சுமையில்லாமல் ஓடும். எங்களைப் போல் பழைய இயந்திரங்களோடு காலந்தள்ளும் இடங்களுக்கு நான் அதையே சொல்வேன்.

சேகரிப்பான் வரியை அப்படியே தூக்கிக் கொடுப்பதில்லை. எந்தக் கொள்கலன், எந்தச் சேவை, எந்தக் கணினி என்ற விபரங்களை ஒட்டியே அனுப்புகிறது. பெயரில்லாத விடைத்தாளால் யாருக்குப் பயன்? அடுத்தது, வழி அடைபட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். கொத்தணி மின்பிறப்பாக்கியில் ஓடிக்கொண்டிருக்க, மத்திய களஞ்சியத்துக்கான இணைப்பு மட்டும் விழுந்துவிடலாம். அப்போது சேகரிப்பான் வரிகளை வன்தட்டில் தேக்கி வைத்து, இணைப்பு வந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்ப வேண்டும். நினைவகத்தில் மட்டும் தேக்கினால், மின்சாரம் போனதும் அதுவும் போய்விடும். இந்தத் தேக்கத்தை அமைக்காமல் விட்ட கொத்தணிகள் நிறைய உண்டு. நல்ல நாளில் வித்தியாசமே தெரியாது.

களஞ்சியத்துக்கு இரண்டு வழிகள் பிரபலம். ஒன்று எலாஸ்டிக்சேர்ச். 2010இல் வெளிவந்த இதன் பின்னால் ஒரு சமையற் கதை இருக்கிறது. ஷை பானொன் என்ற மென்பொருளாளர், சமையற்கலை படித்துக்கொண்டிருந்த தன் மனைவியின் சமையற் குறிப்புகளைத் தேடுவதற்கென்று எழுதத் தொடங்கிய தேடற்கருவியே அதன் முன்னோடி. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதுபோல் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வரியில் வருகிறது என்று இது குறித்து வைக்கும். எதைக் கேட்டாலும் நொடியில் எடுத்துத் தரும். பதிலுக்கு நினைவகத்தையும் வன்தட்டையும் நிறையக் கேட்கும். மற்றது 2018இல் அறிமுகமான லோக்கி. இது சொற்களுக்கு அடைவு போடுவதில்லை. நூலகத்தில் இறாக்கைக்கு மட்டும் பெயர் எழுதி வைப்பதுபோல், சேவையின் பெயர் போன்ற சில குறிகளை மட்டுமே அடைவாக்கும். மீதியைச் சுருக்கி மூட்டையாக வைக்கும். தேடும்போது அந்த இறாக்கையைத் தானே புரட்ட வேண்டும். சற்றுத் தாமதம், ஆனால் செலவு குறைவு.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மாணவிகளே கணக்கிடலாம். ஒரு வரிக்கு 200 பைட் என்றும், கொத்தணி முழுவதும் செக்கனுக்கு 100 வரி எழுதுகிறது என்றும் கொள்ளுங்கள். ஒரு நாளில் 86,400 செக்கன். பெருக்கினால் ஏறத்தாழ 1.7 கிகாபைட். ஒரு மாதத்துக்கு 52 கிகாபைட் வரை. இது சிறிய கொத்தணிக்கே. எனவே எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பது நடக்காத காரியம். அன்றாட வரிகளுக்குச் சில வாரம், கொடுக்கல் வாங்கல் பற்றிய வரிகளுக்கு இன்னும் அதிக காலம் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தைப் பொறியியலாளர் தனியாக எடுப்பது சரியில்லை என்பது என் கருத்து. எந்தக் கேள்வி எத்தனை மாதம் கழித்து வரும் என்று அறிந்தவர்கள் அலுவலகத்தில்தான் இருப்பார்கள்.

இத்தனை ஏற்பாடும் யாருக்காக? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கல்வி நிறுவனம் ஒன்று விண்ணப்பங்களை இணையவழியாக ஏற்றது. கடைசி நாள் நள்ளிரவு 12 மணியுடன் முடிவு. முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அலைந்து, 11.52க்குத் தன் படிவத்தை அனுப்பினாள். மறுநாள் “காலம் கடந்த விண்ணப்பம்” என்று பதில் வந்தது. அவளுடைய வாப்பா அலுவலகத்துக்கு எடுத்துச் சொல்லியும் தரவுத்தளத்தில் 12.03 என்றே இருந்தது. கணினி பொய் சொல்லாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் பதிவுகளைப் பார்க்கும்படி எங்களிடம் கேட்டார்கள்.

அவளுடைய படிவத்தை வாங்கிய கொள்கலன் அப்போது உயிரோடு இல்லை. அன்றிரவு நெரிசலுக்காக எழுப்பப்பட்ட மேலதிகப் பிரதிகளில் அதுவும் ஒன்று. நள்ளிரவு தாண்டிக் கூட்டம் குறைந்ததும் நீக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் வரிகள் மத்திய களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அது கடந்து செல்லும் எல்லாச் சேவைகளிலும் அதே இலக்கத்தை எழுதும்படி அந்த முறைமை அமைக்கப்பட்டிருந்தது. இலக்கத்தைத் தேடினோம். மூன்று வரிகள் கிடைத்தன. படிவத்தை வாங்கிய கொள்கலன் 11.52 என்றது. இணைப்புகளைச் சரிபார்த்த கொள்கலனும் 11.52 என்றது. கொத்தணிக்கு வெளியே தனியாக நின்ற பழைய தரவுத்தளக் கணினி மட்டும் 12.03 என்றது. மூன்று வரிகளும் களஞ்சியத்தை வந்தடைந்த நேரத்தைப் பார்த்தால் இடையில் சில செக்கன் வித்தியாசமே இருந்தது. தரவுத்தளக் கணினியின் கடிகாரம் 11 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அந்த 11 நிமிடத்தால் திருப்பி அனுப்பப்பட்ட வேறு சிலரையும் அதே தேடலில் கண்டுபிடித்தோம். அவர்கள் முறைப்பாடு செய்திருக்கவே இல்லை.

நேரத்தைப் பற்றி இங்கே சற்று நிற்க வேண்டும். கொத்தணியின் வரிகள் 11.52 என்று எழுதியதாக நான் சொன்னது உங்களுக்காக மாற்றிச் சொன்னது. உண்மையில் அங்கே இருந்தது 18.22. உலகப் பொது நேரத்தில் எழுதுவதே கொத்தணிகளின் வழக்கம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஏன் ஊர் நேரத்தில் எழுதக்கூடாது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். வன்னியில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1996 மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது ஓமந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் அரை மணித்தியாலம் பிந்திய இன்னொரு நேரம். அந்நாட்களில் கிளிநொச்சியில் எழுதிய ஒரு குறிப்பையும் வவுனியாவில் எழுதிய ஒரு குறிப்பையும் வைத்து எது முதலில் நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், கடிகாரம் எதுவென்றும் எழுதியிருக்க வேண்டும். பல கணினிகளின் வரிகளை ஓரிடத்தில் சேர்ப்பவருக்குத் தினமும் இதே பிரச்சினைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். எல்லாக் கடிகாரங்களும் வலையமைப்பின் வழியே ஒரே மூலத்தைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி இனித்தான். எல்லாம் ஓரிடத்தில் சேர்கிறது என்றால், அங்கே என்னென்ன சேர்கிறது? 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடி பாவனையாளர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. திருட்டு நடந்ததாகத் தெரியவில்லை. மறைக்கப்பட வேண்டிய கடவுச்சொற்கள், மறைக்கப்படுவதற்கு முன்பாகவே உள்ளகப் பதிவொன்றில் எழுத்துக்கெழுத்து ஏறியிருந்ததை அவர்களே கண்டுபிடித்தார்கள். நிரலை எழுதுபவர் அவசரத்தில் “வந்ததை எல்லாம் எழுது” என்று ஒரு வரி போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். நமது நாட்டில் தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்றே போதும்: புதிய இலக்கத்தின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அட்டையைப் பார்க்காமலே ஒரு பிள்ளையின் பிறந்த திகதியையும் அவள் பெண் என்பதையும் யாரும் வாசித்துவிடலாம். பக்கத்தில் தொலைபேசி இலக்கமும் இருந்தால்?

ஆகவே அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கடவுச்சொல் ஆகியவற்றை நிரலே எழுதக்கூடாது. எழுதிவிட்டால் சேகரிப்பான் கட்டடத்தை விட்டுப் புறப்படும் முன் அவற்றை மறைக்க வேண்டும். களஞ்சியத்தைத் திறந்து பார்க்க யாருக்கு அனுமதி என்பதும், யார் எப்போது பார்த்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளின் விபரங்களைக் கேட்கும் எந்த நிறுவனத்திடமும், அவை எங்கே போகின்றன, எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கப் பெற்றோர் தயங்கக்கூடாது.

களஞ்சியத்தைக் கொத்தணிக்குள்ளேயே வைத்துவிடுவது செலவில்லாத வழி. சிறிய இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடு எரியும்போது தண்ணீர் வாளி உள்ளே இருந்த கதை அது. 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க மேகக்கணிமையின் மின்னஞ்சல் சேவை, கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை மீண்டும் இயங்கத் தொடங்கியது; ஆனால் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்கு எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருக்கவில்லை. உள்ளே நுழைந்தவன் தன் காலடித் தடத்தையும் அழிக்கவே பார்ப்பான். பதிவுகளின் ஒரு பிரதி வேறொரு கணினியில், வேறொரு கடவுச்சொல்லின் கீழ், சேர்க்க மட்டும் முடிந்ததாய், அழிக்க முடியாததாய் இருந்தால் தடம் மிஞ்சும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இவற்றுக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள்; கொத்தணி என்ற சொல்லை அங்கே கேட்பார்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 8 கிகாபைட் நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி இருந்தால் வீட்டிலேயே சிறிய கொத்தணி ஒன்றை நடத்தலாம். குபர்நெட்டிஸின் சுருங்கிய வடிவங்கள், ஃபுளுவென்ட் பிட், லோக்கி, அதைப் பார்வையிடும் கிரபானா எல்லாமே இலவசம். ஒரே மடிக்கணினியில் களஞ்சியமும் கொத்தணியும் சேர்ந்திருப்பது படிப்பதற்கு மட்டும் பரவாயில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், கொள்கலன் ஒன்று ஒவ்வொரு செக்கனுக்கும் ஓர் இலக்கத்தை எழுதும்படி செய்யுங்கள். சில நிமிடம் விட்டு அந்தக் கொள்கலனை அழியுங்கள். பிறகு களஞ்சியத்துக்குப் போய் அதன் கடைசி இலக்கத்தைத் தேடுங்கள். இலக்கங்கள் இடையில் விடுபடாமல் கடைசி செக்கன் வரை இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் தடவை, களஞ்சியத்துக்கான இணைப்பைப் பத்து நிமிடம் துண்டித்து வைத்துவிட்டு அதையே செய்து பாருங்கள்.